மேற்கு இறவாரம்

சித்தூரில் என் வீட்டுப் பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பனங்கட்டையை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். ஒன்றரை முழம் இருக்கும். ஒரு முனை வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருக்கிறது. மறு முனை ரம்பத்தால் அறுத்தது. ஐம்பது வருடம் ஆகப்போகிறது, ரம்பம் ஓடிய கோடுகள் இன்னும் அப்படியே தெரிகின்றன. வருகிறவர்கள் கண்ணில் வெளுத்த முனைதான் படும். அறுத்த முனை சுவரைப் பார்த்திருக்கும்படிதான் எப்போதும் வைப்பேன். வீட்டில் இருக்கிறவர்கள் யாராவது பெருக்கும்போது மாற்றி வைத்துவிட்டால், நான் போய்த் திருப்பி வைப்பேன். ஏன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தக் கட்டையை அறுக்கச் சொன்னவன் நான். பொள்ளாச்சிக்கு மேற்கே, மலையாள எல்லைக்குள், சித்தூருக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். நாலு பக்கமும் வயல், வரப்பெல்லாம் பனை, ரோட்டைப் பார்த்து மேற்கு முகமாக எங்கள் வீடு. மண்சுவர், பனங்கை வைத்த ஓட்டுக்கூரை. எழுபதுகளின் நடுவில் தங்கைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவானது. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் எடுத்துக் கட்ட வேண்டும் என்று அப்பா சொன்னார். அண்ணன் பண்ணையத்தை விட்டு நகர முடியாதவர். நான் சித்தூர் காலேஜில் படித்தவன், ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவன். “படிச்சவன் பாத்துக்குவான்” என்று அப்பா என்னிடம் விட்டார். அதுவரை அவர் என்னை நம்பி ஒரு வாய்க்கால் மடையைக்கூடத் திறக்கச் சொன்னதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வேலைக்கு வந்தவர் பக்கத்து ஊர்க் கொத்தனார். நாற்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பென்சில் துண்டு. சுவர் வேலை, கூரை வேலை இரண்டும் தெரிந்தவர். கோவிந்தாபுரம் வரைக்கும் எந்த ஊரில் வீடு ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. புறங்கையைச் சுவரில் வைத்து வைத்து வீட்டைச் சுற்றி வந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு நேராக அண்ணியிடம் போய் நின்றார். மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், எந்த மூலையில் பூசணம் பிடிக்கும், எந்தக் கதவு ஊதிக்கொள்ளும் என்று வரிசையாகக் கேட்டார். அண்ணி ஆட்டுக்கல் கிடந்த மேற்கு அறைக்கு அவரைக் கூட்டிப்போய், ஆடி மாதத்தில் சுவர் எதுவரை நனைந்து கிடக்கும் என்று முழங்கையால் அளந்து காட்டினார். பொறுப்பாளன் நான் குத்துக்கல்லாக நிற்க, அடுப்படியில் போய் யோசனை கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவரோ சாதாரணமாகச் சொன்னார்: “ஊட்டுக்குள்ளயே கெடக்கறவிங்களக் கேட்டாத்தானுங்க ஊட்டோட நோவு தெரியும். ஆம்பளைங்க நாம வாசலோட போயர்றமுங்களே.”

அவர் சொன்ன வேலைகள் எனக்குச் சப்பென்று இருந்தன. சுவரோரத்தில் வருடக்கணக்காக மண் ஏறிக் கிடக்கிறது, அதை வெட்டித் தாழ்த்தித் தண்ணீர் வெளியே ஓடும்படி சரிவு கொடுக்க வேண்டும். உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். வெடிப்புகளை மண்ணாலேயே அடைத்து, மேலே சுண்ணாம்பு பூச வேண்டும். மேற்கு இறவாரத்தை, அதாவது சுவரைத் தாண்டி இறங்கும் கூரை விளிம்பை, முடிந்தால் இன்னும் அரை முழம் நீட்ட வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவையும் செய்தால் வீடு பழைய வீடாகவே இருக்கும். என் கண்ணிலோ பொள்ளாச்சியில் என் சிநேகிதன் வீடு நின்றது. கூரை தெரியாமல் மறைக்கும் சதுர முகப்பு, ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு, சிமெண்ட் பூசி மழமழவென்று சுவர். எங்கள் பக்கத்தில் துணி எடுப்பதும் சம்பந்தம் பேசுவதும் கிழக்கே பார்த்துத்தான். வீட்டுக்கும் அங்கேதான் பார்ப்போம். பெய்கிற மழை மட்டும் மேற்கிலிருந்து வருகிறது என்பது எனக்குத் தோன்றவில்லை. கணவாய் வழியாக எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் காற்றும் சேர்ந்து சாய்வாக அறையும். அதற்காகத்தான் எங்கள் ஊர்ப் பழைய வீடுகளுக்கெல்லாம் மேற்கு இறவாரம் ஆள் குனிந்து நுழையும்படி இறங்கியிருக்கும். எனக்கு அது பட்டிக்காட்டு அடையாளமாகத் தெரிந்தது.

இறவாரத்தைச் சுவரோடு அறுத்துவிட்டு முகப்புக் கட்டச் சொன்னேன். சுவருக்குச் சிமெண்ட் பூசச் சொன்னேன். மேற்கு ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினோம். கொத்தனார் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். “வேண்டாமுங்க சின்னவரே. மண்ணு செவுரு தண்ணியக் குடிக்குமுங்க, வெயிலடிச்சா வெளிய உட்ருமுங்க. சிமிட்டியப் போட்டு மூடிப்போட்டா குடிச்ச தண்ணி எங்கீங்க போகும்? எறவாரமும் இல்லீன்னா ஒரு மழ தாங்காதுங்க” என்றார். பொள்ளாச்சி வீடு நிற்கவில்லையா என்று கேட்டேன். “அது செங்கல்லுங்க. அங்க மழையும் வேறீங்க” என்றார். முடியாவிட்டால் சொல்லுங்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொன்ன வார்த்தை மட்டுமல்ல, சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து, இறவாரத்தைத் தாங்கிய பனங்கைகளில் ஒவ்வொன்றாகக் கோடு போட்டார். பதினேழு துண்டுகள் விழுந்தன. “இதுகள அடுப்புக்குப் போட்றாதீங்க. எப்பவாச்சும் வேண்டி வருமுங்க” என்று அவரே அவற்றை மாட்டுக்கொட்டகைப் பரணில் அடுக்கி வைத்தார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வண்டியை விட்டு இறங்கி நிமிர்ந்து பார்த்தபோது நான் வேண்டுமென்றே முகப்புக்குக் கீழே போய் நின்றுகொண்டேன். யார் யோசனை என்று சம்பந்தி கேட்டார். நான்தான், கொத்தனார் ஒத்துக்கொள்ளவே இல்லை, விடாப்பிடியாக நின்று செய்ய வைத்தேன் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அதைக் கேட்க அப்பா பக்கத்தில் இல்லை, மாப்பிள்ளையை உள்ளே கூட்டிப்போயிருந்தார். இருந்திருந்தால் பின்னால் நடந்தது வேறு மாதிரி ஆகியிருக்கும்.

அந்த ஆடியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடாமல் காற்றும் சாரலும் மேற்குச் சுவரில் அடித்தன. பூச்சில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடியது. தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்டது. ஒரு நாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது அண்ணி வந்து, “தம்பி, ஆட்டாங்கல்லுக்கிட்ட செவுரு ஊதியாட்ட இருக்குது, ஒருக்காப் பாத்துட்டுப் போங்” என்றார். பூச்சு அப்படித்தான் இருக்கும், காய்ந்தால் அமுங்கிவிடும் என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன். பஸ் வந்துவிடும் என்ற அவசரம். ஏறிப் போய்விட்டேன். மத்தியானம் அண்ணி மாவு ஆட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சுவர் அடியோடு உட்கார்ந்தது. உயிர் தப்பியது. இடது கால் கணுக்கால் நொறுங்கிப்போனது. சித்தூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். எலும்பு கூடியது. ஆனால் அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அண்ணி அந்தக் காலை இழுத்துத்தான் நடந்தார்.

மறுநாள் அப்பா கொத்தனாருக்கு ஆள் அனுப்பினார். அவர் சாக்கை முக்காடாக மடித்துப் போட்டுக்கொண்டு மழையிலேயே வந்தார். வாசலில் நான், அப்பா, அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர். சுவர் கிடந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு மட்டும் பலகை பலகையாகக் கிடந்தது, மண் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சத்தம் போடவில்லை.

“ஏப்பா, எறவாரத்த அறுக்கலாமுன்னு ஆரு சொன்னது?”

கொத்தனார் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. காட்டிக்கொடுக்கும் பார்வையும் இல்லை. பேச வேண்டியவன் நான் என்பதால் எனக்கு இடம் விட்டு நின்றார். அப்பாவின் முகத்தில் நம்பிக்கை போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் கரைந்து ஓடும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுவது கேட்டது. கடைசியில் அவர், “வேல என்னுதுங்க. தப்பும் என்னுதாவே இருக்கட்டுமுங்க” என்றார். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அப்பா சொன்னார். கொத்தனார் அண்ணி படுத்திருந்த அறைப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

அது அவருடைய பெருந்தன்மை என்று சில வருடங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது. உண்மையில் அவருக்கு வேறு வழி இருந்ததா? நிலத்துக்காரர் மகன் உண்மையை மறைத்து நிற்கிறான் என்று அந்த வாசலில் அவர் சொல்லியிருந்தால் யார் நம்பியிருப்பார்கள்? அவர் கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தார், நான் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. பொம்பளை காலை ஒடித்த சுவர் கட்டியவர் என்ற பேர் இரண்டு சந்தை நாளுக்குள் கோவிந்தாபுரம் வரைக்கும் போய்விட்டது. ஒழுகும் வீட்டுக்காரர்கள் வேறு ஆளைத் தேடினார்கள். தை பிறப்பதற்குள் அவர் குடும்பத்தோடு மூணாறுக்குப் பக்கத்தில் பள்ளிவாசல் என்கிற ஊரில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். தொழிலாளர்களின் வரிசைவீடுகளான லயங்களில் ஓட்டை அடைக்கிற வேலை.

மேற்குச் சுவரை அப்பா வேறு ஆளை வைத்து மண்ணாலேயே எடுத்தார், சுண்ணாம்பே பூசினார். இறவாரத்தையும் பழையபடி இறக்கச் சொன்னார். அதற்குப் பரணில் இருந்த துண்டுகள்தான் உதவின, அறுபட்ட பனங்கைகளுக்குப் பக்கத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். சுவர் விழுந்ததில் ஒரு பனங்கை முழுசாக முறிந்து புதிது போட்டதால் ஒரு துண்டு மிஞ்சியது. அதை நான் கையில் எடுத்தபோது அண்ணி கோலூன்றி வந்து நின்றார். “எனக்குத் தெரியுந் தம்பி. அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசுனப்ப நான் சன்னலுக்கு இந்தப் பக்கந்தான் இருந்தனுங்க. மாமா கேக்கறப்ப நீங்க சொல்லீருவீங்கன்னு படுத்துட்டே கேட்டுட்டிருந்தேன்” என்றார். பிறகு, “நானும் சொல்லல. ஊட்டுக்குள்ள சண்ட வேண்டாமுன்னு உட்டுட்டேன்” என்றார். அதற்குப் பின் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

அந்தப் பேச்சுதான் அடுத்த வருடம் என்னைப் பள்ளிவாசலுக்குக் கிளப்பியது. உடுமலைப்பேட்டை வழியாக மூணாறு போய், அங்கிருந்து இன்னொரு பஸ். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்தேன். ஊருக்கு வாங்க, அப்பாவிடம் நான் சொல்கிறேன். விசாரித்துக்கொண்டு லயத்துக்குப் போனபோது அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்தார். ஒரு வருடத்தில் தலை நரைத்திருந்தது. காதில் பென்சில் இருந்தது. கீழே ஒரு தோட்டத் தொழிலாளிப் பெண், “இந்தா, இங்கனதான் மேஸ்திரி. ராவெல்லாம் சட்டி வச்சே பிடிக்கேன்” என்று காட்டிக்கொண்டிருந்தாள். அவர், “வேற எங்கியாச்சும் ஈரம் ஏறுதுங்களா தாயி? உள்ள இருக்கறவிங்க சொன்னாத்தானுங்க எனக்குத் தெரியும்” என்றார். நான் எதிரிலிருந்த டீக்கடையில் இரண்டு டீ குடித்தேன். மூன்றாவது சொல்வதற்குள் கீழ்ப்பக்கமிருந்து மூணாறு பஸ் வந்தது. அதில் ஏறிவிட்டேன்.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது. வீட்டை எடுத்துக் கட்டுவதென்றால் அவரைக் கேளுங்கள் என்று ஊரில் என்னைக் கை காட்டுகிறார்கள். நானும் சளைக்காமல் சொல்கிறேன். பழைய வீடு வாங்கினால் ஒரு மழைக்காலம் முடியும்வரை எதையும் இடிக்காதீர்கள். ஈரம் எங்கே ஏறுகிறது என்று வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள். சுவரோரத்தில் மண்ணை ஏற்றாதீர்கள், பூந்தொட்டியும் அடுக்காதீர்கள். பூச்சைத் தட்டிப் பாருங்கள், பொள்ளலாகக் கேட்டால் நாள் தள்ளாதீர்கள். மண்சுவரில் சிமெண்ட் வேண்டாம். மேற்கு இறவாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். இதில் ஒன்றுகூட என் சொந்தச் சரக்கு இல்லை.

போன மாதம் ஒரு இளம் தம்பதி வந்தார்கள். இரண்டு பேரும் வாத்தியார்கள், இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய மண்வீடு வாங்கியிருக்கிறார்கள். கார் நிறுத்த இடம் போதவில்லை, மேற்கு இறவாரத்தை அறுக்கலாமா என்று கேட்டார்கள். நான் பதறிப்போய் ஒரு மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்து, “ஏனுங்க, இதெல்லாம் உங்களுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?” என்றாள். இதே கேள்வியை அப்பா வேறு வார்த்தையில் கேட்டிருந்தார். வாசலும் இருந்தது, கேட்பவரும் இருந்தார். இந்தத் தடவை பயப்பட அப்பாவும் இல்லை.

“எல்லாம் அனுபவந்தானுங்” என்றேன்.

அவர்கள் பின்பக்கமாகப் போனபோது அவள் கால் பட்டுக் கட்டை உருண்டது. எடுத்துத் திருப்பிப் பார்த்து, அறுத்த இடம் எவ்வளவு நேராக இருக்கிறது, நல்ல கைவேலை என்று கணவருக்குக் காட்டினாள். அது யார் கை என்று போய்ச் சொல்ல, அவர்கள் வீட்டுக்கு நடந்தால் ஐந்து நிமிடம். பள்ளிவாசல் வரைக்கும் போய் வந்தவனுக்கு அது ஒரு தூரமே இல்லை. ஒரு மாதமாகப் போகவில்லை. அன்று அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, குனிந்து கட்டையை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தேன், அறுத்த முனை சுவரைப் பார்க்க.