குளிருக்கு வேண்டிக்கொள்ளும் சிரினோ

“இண்டிகேட்டர் போடுங்கக்கா. அந்தப் பழக்கடை வாசல்ல ஓரங்கட்டுங்க. கண்ணாடியப் பாருங்க, கண்ணாடிய!” என்று சொல்லிக்கொண்டே, வண்டி முழுதாக நிற்பதற்குள் சிரினோ கதவைத் திறந்து இறங்கிவிடுவான். ஓடும் வண்டியிலிருந்து இறங்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறவனும் அவன்தான்.

கடைக்குள் போய் ஒரு சிவப்பு ஆரஞ்சை எடுப்பான். உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பான், காம்படியை மோந்து பார்ப்பான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். தோலில் படர்ந்த சிவப்பை மட்டும் நம்பமாட்டான். “வெட்டுங்க” என்பான். வெட்டினால் உள்ளே பளிச்சென்று மஞ்சள். சிரினோவின் முகம் தொங்கிப்போகும். வெட்டவைத்த பாவத்துக்கு ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு திரும்புவான். அவனிடம் கார் ஓட்டப் பழகும் எல்லார் வீட்டிலும் இந்த ஜனவரியில் ஆரஞ்சு குவிந்து கிடக்கிறது. என் வீட்டில் வெங்காயமும் உப்பும் ஆலிவ் எண்ணெயும் போட்டுப் பிசறி, மூன்று வேளையும் அதுதான். சிவக்காவிட்டால் என்ன, ருசியில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

நான் ஐம்பதைத் தாண்டிய பிறகு கார் ஓட்டக் கிளம்பிய தையல்காரி. தேர்வில் தோற்ற அனுபவமும் உண்டு. நேர்ச்சாலையில் இன்னும் வண்டி கோணிக்கொண்டு போகிறது. ஆனால் எங்கள் கத்தானியா நகரத்தில் எந்தப் பழக்கடை வாசலாக இருந்தாலும், இரண்டு வண்டிக்கு நடுவே ரிவர்ஸில் சொருகிவிடுவேன். அவ்வளவு பயிற்சி.

சிரினோவுக்கு நாற்பது நெருங்குகிறது. ஒல்லி. பயிற்சி வண்டியில் அவன் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. மிதித்து மிதித்து வலது ஷூவின் அடி தேய்ந்துவிட்டது. காபி குடிக்க உட்கார்ந்தாலும் மேசைக்கடியில் கால் எதையோ மிதித்துக்கொண்டிருக்கும். வராத லாரிக்கெல்லாம் பயப்படுகிற ஆள். இந்தத் தொழிலுக்கு ஏன் வந்தான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இங்கே வண்டிகளில் ஸ்டியரிங் இடது பக்கம்; ஓட்டுகிறவருக்கு அவனுடைய இடது பக்க முகம்தான் தெரியும்.

வலது பக்கத்தில், காதுக்குக் கீழே தொடங்கித் தாடை வரை, பால் கலந்த காபி நிறத்தில் ஒரு மச்சம். அவன் வயிற்றில் இருந்தபோது அவன் அம்மா ஒரு மதியம் காபி கேட்டாளாம். அப்பா சீட்டாட்டத்தை விட்டு எழுந்து வரவில்லையாம். அம்மா தாடையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாளாம். எங்கள் ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டது கிடைக்காமல் போனால், அப்போது அவள் கை எங்கே இருந்ததோ அங்கே பிள்ளைக்கு மச்சம் விழும். “ஆசை வந்தா கைய மூஞ்சில வைக்காதடி, உக்கார்ற இடத்துல வச்சுக்கோ” என்று ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் சொல்லித்தான் அனுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் சிரினோவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘காபிக் கறை’ என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு தாடி வளர்த்துப் பார்த்தான். அந்த இடத்தில் மட்டும் முடி சரியாக வரவில்லை.

அவன் மனைவி வெனெராவுக்கு இப்போது ஏழு மாதம். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு காலையில், “உள்ள ரத்தமாட்டம் செவந்த ஆரஞ்சு ஒண்ணு தின்னணும்போல இருக்கு” என்று சொல்லிவிட்டுக் கன்னத்தைச் சொறிந்தாளாம்.

“பொண்ணுன்னு சொல்லிட்டாங்கக்கா. கன்னத்துல செவப்பா ஒரு திட்டோட பள்ளிக்கூடம் போனா விடுவாங்களா? என்னை விட்டாங்களா?”

“டாக்டர் என்ன சொல்றாரு தம்பி?”

“சிரிக்கிறாரு. எனக்கும் தெரியும்க்கா, இதெல்லாம் கதைன்னு. ரோட்டுல இருக்கறப்ப தெரியுது. கண்ணாடி முன்னால நின்னு ஷேவ் பண்றப்ப தெரிய மாட்டேங்குது.”

நான் சிரிக்கவில்லை. என் இரண்டாவது மகன் வயிற்றில் இருந்தபோது, அத்திப்பழம் வந்து சேரும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடமாடியவள் நான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

இந்த ஆரஞ்சு உள்ளே சிவக்க வேண்டுமானால் ராத்திரியில் குளிர் அடிக்க வேண்டும். இந்த வருடம் குளிர் வரவே இல்லை. எட்னா எரிமலை உச்சியில்கூடப் பேருக்குத்தான் பனி. ஊரே மேல்கோட்டைக் கழற்றி வீசிவிட்டுக் கடற்கரையில் உலாத்துகிறது. சிரினோ மட்டும் கோயிலுக்குப் போய்க் குளிர் வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். மீன் சந்தைப் பக்கம் பழக்கடை வைத்திருக்கும் சாரோ அவனைக் கண்டாலே கத்தியை ஒளித்துவைக்கிறார்.

“ஏய், நீ பழம் வாங்க வர்றியா, பிரேதப் பரிசோதனை பண்ண வர்றியா?”

“வெட்டாம எப்படிண்ணே நம்பறது?”

“பாட்டில்ல சாறு இருக்கு பாரு, செக்கச்செவேல்னு. வாங்கிட்டுப் போய்க் குடுத்துட்டு நிம்மதியா தூங்கு.”

“அவ பழம்தாண்ணே கேட்டா. பாட்டில் கேக்கல.”

“அப்ப மலைமேல போய்ப் பாரு. அங்க ராத்திரியில கொஞ்சம் நடுங்குதாம். எங்களையாவது உயிரோட விடு.”

மறுநாள் என்னுடைய முறை. பழக்கடைத் தெருவுக்குத் திரும்பப்போனேன். “நேராப் போங்கக்கா” என்றான். ஊர் முடிந்தது, மேடு தொடங்கியது. மலைப்பாதை என் பாடத்திலேயே இல்லை. பியான்கவில்லா என்கிற மலையூர் வந்து சேர்வதற்குள் என் முதுகு நனைந்துவிட்டது. அங்கே ஒரு சின்ன மளிகைக் கடை. இலையோடு சின்னச் சின்ன மாண்டரின் பழம், தலையணை போலப் பருத்த நாரத்தை, ஓரமாக ஒரு கூடை ஆரஞ்சு. கடைக்காரம்மா பாலாடைக்கட்டி வெட்டும் கத்தியை ஏப்ரனில் துடைத்துவிட்டு ஒன்றை இரண்டாகப் பிளந்தார்.

தோல் ஓரத்தில் கருஞ்சிவப்பு. அங்கிருந்து நடுவரை கோடு கோடாக இறங்கியிருந்தது. சாறு பலகையில் சிவப்பாக ஓடியது. சிரினோ மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கடைக்காரம்மா உற்சாகமாக அடுத்ததை எடுத்தார்.

“வேண்டாம்மா! இன்னொண்ணு வெட்டாதீங்க. போதும். மூடியே இருக்கட்டும்” என்று பதறிக் கூடையோடு வாங்கிக்கொண்டான்.

திரும்பும்போது கூடையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைப் பார் என்று சொல்லவில்லை, கியரை மாற்று என்று சொல்லவில்லை. அத்தனை வளைவையும் நானே இறக்கினேன். பழம் கிடைத்த பிறகாவது ஆள் நிம்மதியாவான் என்று பார்த்தால், அதுவும் இல்லை.

“லேட்டாயிருக்குமாக்கா? அவ கேட்டு எத்தன நாளாச்சு! அதுக்குள்ள மச்சம் விழுந்திருக்குமா?”

“வாய மூடு தம்பி. எனக்கு முன்னால லாரி வருது” என்றேன்.

கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நானும் அவன் வீட்டு மாடி ஏறினேன். வெனெரா சமையலறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “இதுக்காடா இந்த அக்காவ மலையேத்தின?” என்று திட்டிவிட்டுத்தான் பழத்தைப் பார்த்தாள். பார்த்ததும் திட்டு நின்றது. அவன் உரித்துக் கொடுக்கக் கொடுக்கத் தின்றாள். சிவப்பு முழங்கை வரை வழிந்தது. அவன் அவள் வாயைப் பார்க்கவே இல்லை, கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை மேலே எழும்போதெல்லாம் இவன் கால் தரையை மிதித்தது.

“மனசு நெறஞ்சுதா? உண்மையச் சொல்லு. இன்னொண்ணு உரிக்கட்டுமா?”

“நெறஞ்சுது. ஆனா இன்னொரு ஆசை இருக்கு.”

சிரினோ எழுந்தேவிட்டான். “என்ன? என்ன வேணும், சொல்லு. சாரோ கடை இன்னும் திறந்துதான் இருக்கும்.”

“எந்தக் கடையிலயும் கிடைக்காது” என்றாள்.

அவன் யாருக்கும் காட்டாத அந்த வலது பக்க முகத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, சாறு வழியும் உள்ளங்கையைத் தூக்கித் தன் வலது காதுக்குக் கீழே, தாடையில், அவனுக்கு மச்சம் இருக்கும் அதே இடத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். சிரினோ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் இழுக்கவில்லை.