மூன்றடிக்கு முந்நூறு மைல்

அலுவலக நெட்வொர்க்கைக் கட்டி மேய்க்கும் ரவுட்டர்காரருக்கு வீட்டில் மூன்று வாரமாகப் பேச்சில்லை. மச்சினன் கல்யாணத்தன்று பார்த்து, அலுவலகத்தின் இரண்டு மாடிகளை இணைக்கும் கம்பி பழுதானது. அதைச் சரிசெய்துவிட்டு அவர் ஓடியபோது, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்று மனைவியின் வாய் பூட்டிக்கொண்டது.

அப்புறம் எல்லாச் செய்தியும் மகள் வழியாகத்தான்.

"அப்பாகிட்ட சொல்லுடி, சாப்பாடு ஆறுது."

"காதுல விழுந்துடுச்சுன்னு அம்மாகிட்ட சொல்லும்மா."

அந்த மகளும் திங்கட்கிழமை வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டாள். இனி ஆயுள் முழுக்க மௌனம்தானா? பாவம், மனிதர் கலங்கிப்போனார்.

மகள் கிளம்பிய பத்தே நிமிடத்தில் முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து மச்சினனின் போன் வந்தது. "மாமா, சாப்பாடு மேசைமேல இருக்காம். அக்கா சொல்லச் சொன்னா. புதுமாப்பிள்ளைக்கு நல்ல வேலை குடுத்தீங்க ரெண்டு பேரும்!"

சமையலறைக்கும் மேசைக்கும் மூன்றடி. துக்கத்திலும் அவருக்கு ஒரு தொழில் பெருமிதம். அவருடைய ரவுட்டர் பெட்டிகளும் இப்படித்தான். எந்த வழி திறந்திருக்கிறது, அதற்கு என்ன செலவு என்று ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டே இருக்கும். ஒரு வழி அறுந்தால், மிச்சத்தில் செலவு குறைந்ததைத் தாமாகவே பிடித்துக்கொள்ளும். செலவென்றால் பணமில்லை, ஒவ்வொரு வழிக்கும் அவர் எழுதிவைக்கும் எண்.

மறுநாள் மேலாளர் கொதித்தார். "மேல்மாடிக்கு அனுப்புற ஃபைல் வெளியூர் கிளையைச் சுத்திட்டு வருதாமே! டூர் போகுதாய்யா அது?"

திரையைத் திறந்து பார்த்தார். பழுதான அன்று, அந்தக் கம்பிப் பக்கம் எதுவும் போகக்கூடாதென்று செலவை அறுபத்தைந்தாயிரமாக ஏற்றிவைத்தவர் அவரேதான். எண்ணை இறக்க மறந்து கல்யாணத்துக்கு ஓடியிருக்கிறார். மூன்று வாரமாகக் கம்பி நன்றாகத்தான் இருந்தது!

எண்ணைப் பத்தாக்கினார். ஃபைல்கள் நேராக மாடியேறின. அவருக்குக் கண்கள் குளமாயின. தன் ஏச்சுதான் உறைத்தது என்று மேலாளர் திருப்தியோடு போனார்.

சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் போய் நின்றார். அவள் கை போனைத் தேடியது.

"அவனைக் கூப்பிடாதே. தப்பு என்மேலதான். வர முடியலைன்னு ஒரு போனாவது பண்ணியிருக்கணும். மன்னிச்சிடு."

போன் இறங்கியது. கரண்டி ஏறியது.

"இதைச் சொல்ல இருபத்திரண்டு நாளா? கம்பிக்குக் காவல் நிக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு, என் தம்பிகூட ஒரு போட்டோவுக்கு நிக்க நேரமில்லையா? அதுல செருப்போட வேற வந்து நிக்கிறீங்க!"

தேங்கியதெல்லாம் மூன்றடியை ஒரே மூச்சில் கடந்து வந்தது. ரவுட்டர்காரர் ஆனந்தக் கண்ணீரோடு, ஒரு சொல்லும் சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.