முக்கோணத்தில் ஒரு லாரி

கேம் செய்கிற இடத்தில், படம் வரைகிறவருக்கும் புரோகிராம் எழுதுகிறவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறவருக்கு டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். அழகாக வரைந்து கொடுத்ததைக் கம்ப்யூட்டர் மூச்சு வாங்காமல் ஓட்டும்படி மாற்றிக் கொடுப்பதுதான் வேலை.

இரண்டாயிரங்களின் நடுவில், துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடுகிற ஒரு கிளியரிங் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான், அதை விட்டுவிட்டு இதைப் படிக்கப் போனேன். தண்டையார்பேட்டை வீட்டில் எனக்குக் கிடைத்த அனுமதி ஒரே ஒரு வருஷம். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் மறுபடி டைப் அடிக்கப் போகவேண்டும் என்று அம்மாவிடம் ஒத்துக்கொண்டிருந்தேன். இதே பிழைப்பில் மாட்டியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

துரு வேண்டும்

வகுப்பில் ஆளுக்கு ஒரு வண்டியைக் கம்ப்யூட்டரில் செய்யச் சொன்னார்கள். அது கேமுக்குள் ஓடவும் வேண்டும். நான் கன்டெய்னர் லாரியை எடுத்துக்கொண்டேன். திருவொற்றியூர் ரோட்டில் நாள் முழுக்க வரிசையில் நிற்கிற வண்டி, தேடிப் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் வண்டிமேல் ஒட்டுவதற்குத் துருவின் போட்டோ வேண்டியிருந்தது. என் அண்ணன் சலீம், லாரி டிரைவர், லீவு நாளில் பைக்கில் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனான். கையில் கடன் வாங்கிய கேமரா.

துரு என்றால் ஒரே நிறம் என்று நினைத்திருந்தேன். மழைத்தண்ணி வடிந்த இடத்தில் டீ டிகாஷன் மாதிரி இருந்தது. புதிதாக வெட்டிய ஓரத்தில் ஆரஞ்சு. அடியில் கறுப்பு. மண்டி போட்டு ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, இந்தப் பொண்ணு துரு கீற பக்கமா பாத்து எடுக்குது? யார்னா கம்ப்ளெய்ண்ட் குட்த்துட்டாங்களா?" என்று சலீமைக் கேட்டார். படிப்புக்காக என்று அவன் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். பிறகு கடைக்குப் பின்னால் போய் ஒரு தகட்டை இழுத்து வந்து என் முன்னால் போட்டார்.

"இத்த எடும்மா, இதான் நல்லா வெளைஞ்ச துரு."

நாற்பது நட்டு

கம்ப்யூட்டருக்குள் எந்த உருவமும் முக்கோணங்களால் ஆனது. முக்கோணம் கூடினால் மெஷின் திணறும். அதனால் ஆளுக்கு இவ்வளவுதான் என்று ரேஷன். நான் லாரிச் சக்கரங்களின் நாற்பது நட்டுகளையும் ஒவ்வொன்றாகச் செய்து, ரேஷனில் பாதியைத் தீர்த்திருந்தேன். கூடப் படித்த வியாசர்பாடி கோகுல் அந்த ஃபைலைத் திறந்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஃபேன் அலறியது, திரை அப்படியே நின்றுவிட்டது.

நட்டுகளை எல்லாம் அழித்துவிட்டு, தட்டையான சக்கரத்தின்மேல் நட்டின் போட்டோவை ஒட்டிப் பார்த்தோம். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை! ஒரு நாள் முழுக்க எனக்கு அழுகையாக வந்தது. மறுநாள் வேறு ஆசை வந்துவிட்டது: கண் இன்னும் எதையெல்லாம் கவனிக்காமல் விடுகிறது? லாரியின் அடிப்பக்கத்தை அழித்தேன், வித்தியாசம் தெரியவில்லை. சீட்டின் பின்பக்கம், தெரியவில்லை. நான் ஆசை ஆசையாக அழித்துக்கொண்டே போவதைக் கோகுல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இஞ்சினையும் கயட்டிட்டியா ஃபாத்திமா? இனிமே தள்ளிகினுதான் போவணும்."

படுத்த வண்டி

வரைகிற சாப்ட்வேரிலிருந்து கேமுக்குள் லாரியைக் கொண்டுபோனால், அது ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. பத்து தடவை போட்டேன், பத்து தடவையும் படுத்தது. கையால் நிமிர்த்தினால் வண்டி நிற்கும், ஆனால் சக்கரம் பக்கவாட்டில் உருளும். ஒரு வாரம் இதே கதை. வருஷம் முடிய ஒரு மாதம்கூட இல்லை. அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்த சலீம், என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். அவன் முகம் மாறிவிட்டது.

"டிரைவருக்கு ஒண்ணும் ஆவலியே?"

தீப்பெட்டி

ஒரு தீப்பெட்டியின் மூன்று பக்கத்திலும் பேனாவால் அம்புக்குறி போட்டு, திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது: ஒரு சாப்ட்வேருக்கு 'மேலே' என்பது இன்னொன்றுக்கு 'பக்கவாட்டில்'! வண்டியைக் கேமுக்கு அனுப்பும்போதே திருப்பிவிட, பதினோரு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். வாழ்க்கையில் முதல் புரோகிராம். லாரி எழுந்து நின்றது. வகுப்பில் எல்லோரும் அந்தப் புரோகிராமை வாங்கித் தங்கள் வண்டிக்கும் போட்டார்கள்.

கடைசி நாளன்று ஒரு கேம் கம்பெனியிலிருந்து ஒரு மேடம் பார்வையிட வந்தார். என் லாரியை அரை நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. எனக்கு டைப்ரைட்டர் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்தது. ஆனால் அவர் வகுப்பின் நடுவில் நின்று, "போன வருஷம் பாதி வண்டி படுத்துக்கிட்டு இருந்துச்சே, இந்த வருஷம் எப்படி எல்லாம் நிக்குது?" என்று கேட்டார். கோகுல் என்னைக் கை காட்டினான். பதினோரு வரியையும் படித்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்றார். வெட்கத்தோடு பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"லாரி சுமார்தான். இந்தத் தீப்பெட்டிய எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை ஆபீசுக்கு வந்துடுங்க."

ஒரு வருஷம் துருவையும் நட்டையும் திரையில் பார்த்துப் படித்ததில் வந்த வினை இது: தெருவில் சும்மா கிடக்கிற எதையும் உற்றுப் பார்க்காமல் தாண்டிப் போக முடியாமல், நான் இன்றுவரை எங்கேயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை.