அடியில் விடாத ஒரு விரல்

கண்ணாடி மேஸ்திரி என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாத ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, மண் சுமந்து, சாந்து குழைத்து, தானாகவே பூச்சுக் கரணை பிடித்து மேலே வந்தவர். அவர் பூசிய சுவர் கண்ணாடிபோல் இருக்கும், எறும்பு ஏறினாலும் வழுக்கும். ரசமட்டம் வைத்துப் பார்த்த இன்ஜினியர்கள் அசடு வழிந்திருக்கிறார்கள். அவர் ஒருநாளும் தலைகுனிந்ததில்லை. மகள் வீட்டுச் சுவர் வரும்வரை.

மகளும் மருமகனும் செங்கல்லே இல்லாமல் வீடு கட்டினார்கள். இரண்டு மரச்சீவல் பலகைகள், நடுவில் கனத்த நுரை, அதுதான் சுவர். அவற்றை விற்ற பலகைக்காரரே இரண்டே நாளில் சுவர்களை எழுப்பிவிட்டார். அதன்மேல் தார்க்காகிதம், கம்பிவலை, பிறகு மூன்று கை சாந்துப் பூச்சு. பூச்சு மேஸ்திரியுடையது. மகள் வீட்டில் வேறொருவன் கரணை பட விடுவாரா?

"மேஸ்திரி, அடியில சுத்திவர ஒரு விரல் இடைவெளி விட்டுடுங்க," என்றார் பலகைக்காரர். "பூச்சுக்குள்ள எறங்குற தண்ணி காகிதத்து மேல வடிஞ்சு அந்த வழியாத்தான் வெளிய போகணும்."

"என் பூச்சுலயா? தண்ணி என்னைக் கேட்டுட்டுத்தான் தம்பி எறங்கும்!"

இடைவெளி விட்டால் ஓரம் தைக்காத துணி மாதிரி இருக்கும். பார்ப்பவன் என்ன சொல்வான்? அவர் தரைவரை இழுத்துப் பூசி, கரணை நுனியால் நூல் பிடித்தாற்போல் முடித்தார்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. படுக்கையறையில் பூஞ்சை வாடை. மருமகன் கட்டிலை நகர்த்தி, சுவரடிப் பட்டியைக் கழற்றினார். உள்ளே பலகையைத் தாங்கிய மர அடிக்கட்டை ஊறிய ரொட்டி போலக் கையோடு வந்தது.

மகள் பலகைக்காரரை வரவழைத்துப் பிடிபிடியென்று பிடித்தாள். "எங்கப்பா வேலையில குண்டூசி அளவு குறை இருக்காது. உங்க பலகைதான் மட்டம்! இல்லப்பா?"

மேஸ்திரி ஆமென்று தலையாட்டினார்.

பலகைக்காரர் அவர்களோடு வெளியே போய்ச் சுவரோரம் குந்தினார். தரையைத் தொட்டு நின்ற பூச்சை விரலால் தடவினார். நிமிர்ந்து மேஸ்திரியை ஒரு பார்வை பார்த்தார். "சரிம்மா, நானே மாத்தித் தர்றேன்," என்று பையை எடுத்தார்.

திட்டியிருந்தால் தேவலை. அந்த மரியாதைதான் மேஸ்திரியைச் சுட்டது. ஆள் வாசலைத் தாண்டிவிட்டால் இந்தப் பொய் நிலைத்துவிடும்.

"தம்பி, நில்லு." "பையில உளி, சுத்தியல் இருக்கா?"

வாங்கிக்கொண்டு மண்டியிட்டார். அடியோரத்தில் ஓங்கி அடித்தார். சில்லு பெயர்ந்த இடத்தில் கறுத்த தண்ணீர் சொட்டியது.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"இவரு அன்னைக்கே வழி விடச் சொன்னாரும்மா. நான்தான் அடைச்சேன்."

மகள் சுவரைப் பார்க்கவே இல்லை. "அது போகட்டும்பா. நான் கேட்டப்ப தலையாட்டினீங்களே!"

அவர் உளியை அடுத்த சாணுக்கு நகர்த்தினார். பூச்சு லேசில் விடவில்லை, அத்தனை கெட்டி. கொஞ்சம் மட்டமாகப் பூசித் தொலைத்திருக்கலாமே என்று வாழ்நாளில் முதல்முறையாக நினைத்தார். சுவர் இன்னும் முப்பதடி இருந்தது. மகள் பின்னாலேயே நின்றாள். அவர் நிமிரவில்லை.