ஜெனிஸ் டோலனின் கையெழுத்து

ஓரிகனின் அந்தச் சிற்றூரில் பள்ளி பஸ் ஓட்டும் ஜெனிஸ் டோலன், தேர்தலுக்கு முன் நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கதவுகளைத் தட்டினாள். வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களிடம் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், வருமான வரி வாங்கி, இல்லாதவர்களுக்கான உதவித் திட்டங்களை நடத்தலாமா என்று அந்தத் தேர்தலில் ஒரு தீர்மானமாக மக்களிடமே கேட்டிருந்தார்கள். அவள் அண்ணன் ராய்ஸுக்குப் பக்கவாதம். அவள் பஸ்ஸில் இருக்கும் நேரம் அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வருவது அந்த உதவியில்தான். தீர்மானம் தோற்றால் ஜனவரியோடு ஆள் நின்றுவிடுவார்.

"எப்படி வேணா ஓட்டுப் போடுங்க. தபால் உறை மேல கையெழுத்த மட்டும் மறந்துடாதீங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். அங்கே எல்லோரும் தபாலில்தான் ஓட்டுப் போடுவார்கள்.

எண்ணிக்கையில் தீர்மானம் இரண்டு ஓட்டு பின்தங்கியது. ஓட்டர் பட்டியலில் உள்ள பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகாத பதினோரு உறைகளைப் பிரிக்காமல் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று ஜெனிஸுடையது.

தேர்தல் அலுவலக ஜன்னலில் கெவின் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது.

"என் பஸ்ல ஆறு வருஷம் வந்தவன்டா நீ. என்னத் தெரியலயா?"

"எனக்குத் தெரியுதுக்கா. கையெழுத்துக்குத்தான் உங்களத் தெரியல."

"பழசக் காட்டு, அதே மாதிரி போட்டுடறேன்."

"காட்டக் கூடாதுக்கா. படிவத்துல மறுபடி போட்டுக் குடுக்க செவ்வாக்கிழம அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு."

பஸ் ஏட்டில் தினம் இருமுறை கையெழுத்திட்டு, முப்பத்தொரு வருஷத்தில் அவள் பெயர் ஒரு வளைவும் ஒரு கோடுமாகத் தேய்ந்திருந்தது. பதினெட்டு வயதில் ஓட்டர் பட்டியலில் சேர்ந்தபோது எப்படிப் போட்டாள் என்பது நினைவில்லை. வீட்டுக்கு வந்து காகிதம் காகிதமாகப் போட்டுப் பார்த்தாள்.

நாற்காலியிலிருந்து ராய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். "பதினெட்டு வயசுல உன் பேர்ல 'i' மேல புள்ளியா வச்ச? இதயம்ல வரைவ. என் கார்லகூடக் கீறி வச்சியேடி."

"வாய மூடுண்ணே."

"போய் வரஞ்சிட்டு வா. எனக்கு ஜனவரியில ஆள் வேணும்."

செவ்வாய் நாலே முக்காலுக்கு, அறுபத்து மூன்று வயது ஜெனிஸ் படிவத்தில் முழுப்பெயர் எழுதி, 'i' மேலே ஓர் இதயம் வரைந்தாள். கெவின் அதை உள்ளே கொண்டுபோனான். திரும்பி வந்தவன் முகத்தில் ஒன்றுமில்லை.

"ஒத்துப்போகுதுக்கா."

அவளுடையதோடு, சரிசெய்யப்பட்ட மற்ற உறைகளையும் பிரித்து எண்ணியதில் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. அது தன் ஓட்டுதான் என்று ஊரில் அறுபது பேராவது சொல்லிக்கொள்கிறார்கள். ஜெனிஸ் சொல்வதில்லை. காலையில் ஆள் வந்து சட்டை மாட்டிவிடும்போது, அது ஜெனிஸின் ஓட்டுதான் என்று ராய்ஸ் சொல்கிறான், தினமும்.