பனிப்புகாருக்குள் ஒரு கூ

அந்த மாசியில் எனக்கு நித்திரை இல்லாமல் போயிருந்தது. தொலைபேசிக் கோபுரங்களைக் கணினித் திரையில் கண்காணிப்பது என் வேலை. எங்காவது ஒரு கோபுரம் பேசாமல் போனால் திரை சிவக்கும். மூன்று மெல்லிய ஒலிகள் எழும். அந்த ஒலிகள் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டன. மின்விசிறியில் கேட்டன. குழாய்த் தண்ணீரில் கேட்டன. செய்து பார்த்தவை: சூடான பால், காதடைப்பான், இரண்டு வகை நித்திரைக் குளிசை. ஒன்றும் சரிவராமல் ஒவ்வொன்றாக வெட்டிவிட்டேன்.

என்னோடு வேலை செய்பவள் குருநகர்க்காரி. "விடிய எங்கடை கடலுக்கு வா. ஒரு சத்தமும் இல்லை," என்றாள். முழங்காலளவு குடாக்கடலையும் அவர்கள் கடல் என்றுதான் சொல்வார்கள். அவளுடைய அண்ணை அங்கே களங்கட்டி வைத்திருந்தார்: தடிகளை வரிசையாக நட்டு, வலை கட்டி மீனை அடைப்பது. அவருக்குக் காய்ச்சல். வலை கிழிந்திருக்கிறதா என்று அவள் பார்த்துவர வேண்டும்.

வெளிச்சம் வந்ததும் தண்ணீரில் இறங்கி நடந்தோம். கரை சிறுத்துப்போன ஓரிடத்தில், தனியாக நின்ற தடியொன்றைக் காட்டினாள்.

"இதைப் பிடிச்சுக்கொண்டு நில். அங்காலை வள்ளம் போற வாய்க்கால். ஆளை மூடும்."

அவள் வலையைப் பார்க்கப் போன கொஞ்ச நேரத்தில் பனிப்புகார் இறங்கியது. முதலில் கரை இல்லை. பிறகு வானமும் தண்ணீரும் ஒரே நிறமாயின. நான் பிடித்திருந்த தடியின் மேல்முனை தெரியவில்லை; என் பாதங்களும் தெரியவில்லை. பழக்கத்தில் அந்த மூன்று ஒலிகளைத் தேடினேன். இல்லை. எதுவுமே இல்லை. உடம்பு முழுவதும் தளர்ந்தது. அதே நேரம், எனக்கு மிக அருகில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோலவும் இருந்தது.

"கூ..."

ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். எந்தப் பக்கம் என்றும் தெரியவில்லை. நான் இணுவிலில் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவள். ஆளைக் காணாமல் குரல் மட்டும் வந்தால் மூன்றாம் தரம்வரை வாய் திறக்கக்கூடாது; பேய் இரண்டு தரந்தான் கூப்பிடும். படித்த படிப்பெல்லாம் எங்கோ போக, உதடுகளை இறுக்கிக்கொண்டேன்.

இரண்டாவது கூ இன்னும் தூரத்தில், வாய்க்கால் பக்கமாகக் கேட்டது. பிறகு தண்ணீரில் பெரிதாக ஏதோ விழுந்த சத்தம்.

அப்போதுதான் விளங்கியது. அவள் என் குரலைக் கொண்டு வழி பிடிக்கப் பார்க்கிறாள். பதில் தராத கோபுரமாக நான் நிற்கிறேன்.

மூன்றாவதுக்குக் காத்திருக்கவில்லை. தொண்டை கிழியக் கூவினேன். நிறுத்தாமல் கூவினேன். புகாருக்குள் ஒரு கறுப்பு அசைந்து, நெஞ்சுவரை நனைந்த அவளாக மாறியது.

"வாய்க்குள்ளை என்ன, கொழுக்கட்டையோ?" பற்கள் நடுங்கின. "காலை வைக்கிறன், அடி இல்லையடி! உன்ரை சத்தத்தைப் பிடிச்சு ஏறினன்."

இணுவில் பேயைப் பற்றிச் சொன்னேன்.

"உங்கடை பேய் வெங்காயத் தோட்டத்தோடை நிக்கட்டும். இஞ்சை கூ காதிலை விழுந்தா திருப்பிக் குடுக்கவேணும். ஆர் எண்டு கேக்கிறேல்லை."

அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தேன். பெண்கள் சிலர் வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். வள்ளங்கள் எல்லாம் கரையில் ஏற்றிக் கிடந்தன.

புகாருக்குள்ளிருந்து, தண்ணீர்ப் பக்கமாக, மீண்டும் கேட்டது. "கூ..."

கைகள் நின்றன. ஒருத்தி எழுந்து, வாயருகே கையைக் குவித்துத் திருப்பிக் கூவினாள். பக்கத்திலிருந்தவளும் கூவினாள்.

"இன்னும் ஆர் வரேல்லை?" என்றேன்.

"கேக்கிறேல்லை எண்டு சொன்னனான்," என்றாள் தோழி, மெதுவாக. "எல்லா வள்ளமும் வந்திட்டுது."

முதலில் கூவிய பெண் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீரையே பார்த்தாள். அடுத்த கூ வந்தபோது நான் முந்திக்கொண்டு பதில் கொடுத்தேன். அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் மறுபடியும் நண்டு கழற்றத் தொடங்கினார்கள்.

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் இருந்தேன். கண்ணை மூடி, வழக்கம்போல அந்த மூன்று ஒலிகளுக்குக் காத்திருந்தேன்.

நடத்துனர் இருக்கைக் கம்பியில் தட்டினார். "தங்கச்சி, எங்கை இறங்கவேணும்?"

"இணுவில்."

"அது எப்பவோ தாண்டிப் போட்டுது, பிள்ளை. இது மருதனார்மடம்."