சுண்டல் கிழித்த மடி வேஷ்டி

1. மூன்று கால் டேபிள்

கேளம்பாக்கத்தில் அந்த ஃப்ளாட்டுக்கு நான் முதல் நாள் போனபோது டைனிங் டேபிளுக்கு மூன்று கால்தான் உருப்படியாக இருந்தது. நாலாவது காலை ஒரு நாட்டு நாய்க் குட்டி கடித்துக் குதறி வைத்திருந்தது. லேப்டாப் சார்ஜர் ஒன்று, செருப்பு இரண்டு ஜோடி, ஒரு பீன் பேக் என்று சேதப் பட்டியல் தனியாக இருந்தது. குட்டி கொண்டைக்கடலை நிறம். பெயர் சுண்டல்.

கால்நடை கிளினிக்கில் பதினோரு வருடம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, வீடு வீடாகப் போய்க் குட்டிகளுக்குப் பழக்கம் சொல்லித்தரும் வேலைக்கு வந்தவன் நான். ஓ.எம்.ஆரில் என் ஸ்கூட்டர் நுழையாத அபார்ட்மெண்ட் குறைவு. எங்கே போனாலும் ஒரே புகார்தான்: இது வேணும்னே பண்ணுது. வேண்டுமென்றே செய்ய அதற்கும் நமக்கும் என்ன வரப்புத் தகராறா? நாலு மாதத்தில் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கும். ஈறு ஊறும், வலிக்கும். டீத்திங் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் பேப்பரைச் சுருட்டி அடிப்பார்கள். அடிக்கிற வீட்டில் நான் காபிகூடக் குடிப்பதில்லை.

இந்த வீட்டில் அடி இல்லை. இருந்தது இரண்டே பேர். அபிராமி, நாவலூரில் ஐடி வேலை, வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தபடியே. அவளுடைய அப்பா, பக்கத்துச் சிவன் கோயிலில் குருக்கள். குட்டியை சர்வீஸ் ரோட்டில் மழையில் நனைந்துகொண்டிருந்தபோது எடுத்து வந்தவள் அவள். வீட்டுக்குள் விட்டவர் அவர், ஒரே ஒரு கண்டிஷனோடு.

"என் மடித் துணியில வாய் வச்சுதுன்னா மறுநாளே படாளம். அதுல பேச்சே கெடயாது" என்று என் எதிரிலேயே மறுபடியும் சொன்னார்.

படாளத்தில் அபிராமியின் சிநேகிதிக்குத் தோட்டம் இருந்தது. நாய்க்கு அங்கே குறை ஒன்றும் இருக்காது. குறை யாருக்கு என்பதை அவள் லிஃப்ட் வரை வந்து வழியனுப்பும்போது சொன்னாள். "அப்பா கோயிலுக்குப் போயிட்டா, இந்த வீட்டுல நான் வாயத் தொறந்து பேசறது இதுகிட்டதான் சார். எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க."

நானும் வழக்கமானதையெல்லாம் செய்தேன். டேபிள் காலில் வேப்பெண்ணெய். வயர்களுக்கு பிவிசி பைப். செருப்பு ஷெல்ஃபுக்குக் கதவு. பிறகு, கடிக்க அதற்கென்று ஒரு பொருள் வேண்டுமே என்று பழைய துணி கேட்டேன். பழசான வேஷ்டி ஒன்றைக் குருக்களே எடுத்துக் கொடுத்தார். அதைக் கிழித்து நனைத்து முடிச்சுப் போட்டு ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். ஈறு வலிக்கு நல்ல ஒத்தடம். ஈரத் துணியை வாயில் கவ்வி வந்து என் முன்னால் உட்கார்ந்தால் ஒரு துண்டு வேகவைத்த கேரட். சுண்டல் அதை அரை மணியில் பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே பெருமை. அதை மற்ற வீடுகளிலும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2. பிரதோஷம்

பத்தாம் நாள் மாலை அபிராமியிடமிருந்து போன். பேச்சைவிட அழுகை அதிகமாக இருந்தது.

மடி வேஷ்டி என்றால் குளித்து, நனைத்து, உலர்த்தி, அதன்பின் யாரும் தொடாமல் வைத்துக் கட்டிக்கொள்வது. பால்கனிக் கொடியில் அன்று அது உலர்ந்துகொண்டிருந்தது. மத்தியானக் கடல்காற்று ஒரு முனையைத் தரை வரை இழுத்துவிட்டிருக்கிறது. அபிராமி மீட்டிங்கில் இருந்தாள். குருக்கள் கிளம்பும் நேரத்துக்கு வந்து பார்த்தால் கரை முழுக்க நார் நார். மறுபடியும் தலைக்குக் குளித்து, வேறு வேஷ்டியை நனைத்துப் பிழிந்து ஈரத்தோடு கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். பிரதோஷ அபிஷேகம் அரை மணி தாமதம். கோயிலில் அவர் தாமதமாகப் போனது அதுதான் முதல் தடவையாம்.

காலையில் படாளத்துக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் ஒரு தடவை வாருங்கள் என்றாள்.

3. இரண்டு துண்டு

மறுநாள் எட்டு மணிக்குப் போனபோது வாசலில் ஒரு பை, அதில் சுண்டலின் தட்டும் போர்வையும். அபிராமி என்னைப் பார்க்கவில்லை. குருக்கள்தான் பேசினார்.

"கிழிச்சதுகூடப் போகட்டும். கிழிச்ச துணியக் கவ்விண்டு வந்து, இவ நாற்காலிகிட்ட உக்காந்துண்டு வால ஆட்டறது. என்ன திமிர் பாருங்கோ."

அது திமிர் இல்லை. அது கேரட்டுக்காகக் காத்திருந்தது.

குட்டி வயசு, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்திருக்கலாம். பத்து நாளாக நான் வாங்கிய நல்ல பெயரும் பத்திரமாக இருந்திருக்கும். வாய் வரைக்கும் வந்தது. பையிலிருந்த தட்டைப் பார்த்ததும் சொல்ல மனம் வரவில்லை.

என் பையிலிருந்து இரண்டு துண்டு எடுத்தேன். ஒன்றைக் குழாயில் நனைத்துப் பிழிந்தேன். இரண்டையும் தரையில் போட்டேன். சுண்டல் உலர்ந்த துண்டின் மேலேயே நடந்து போய், ஈரத் துண்டைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் உட்கார்ந்தது. வால் தரையைப் பெருக்கியது.

"சாமி, தப்பு அது பண்ல. நான் பண்ணேன்" என்றேன். "ஈர வேஷ்டினா உனுக்குத்தான்னு பத்து நாளா நாந்தான் சொல்லிக் குட்துகினு இருந்தேன். இந்த வூட்ல தெனம் ஈர வேஷ்டி தொங்கும்னு எனுக்குத் தோணவேல்ல."

குருக்கள் குனிந்து குட்டியைப் பார்த்தார். அதுவும் அவரையே பார்த்தது, கேரட் யார் கையிலிருந்து வந்தால் என்ன என்று.

"அப்ப நீங்க சொல்லிக் குடுத்தத அது சரியாத்தான் பண்ணியிருக்கு."

"ஆமா சாமி."

"அப்ப படாளத்துக்குப் போகவேண்டியது யாரு?"

அபிராமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுத முகத்தோடு சிரித்தாள்.

"யாரும் போகவேண்டாம்" என்றார் குருக்கள். "சொல்லிக் குடுத்தத மாத்திச் சொல்லிக் குடுங்கோ."

மாற்றுவது முதல் தடவை சொல்லித் தருவதைவிடக் கஷ்டம். மூன்று வாரம் ஆயிற்று. வீட்டில் எந்தத் துணியும் விளையாட்டுச் சாமான் இல்லை என்று முடிவு செய்தோம். பதிலுக்கு உள்ளே குழிவான ரப்பர் பொம்மை ஒன்று. அதில் உப்பில்லாத தயிர் சாதத்தை அடைத்து ஃப்ரீசரில் வைப்பது. சாதம் பிசைகிற வேலையை யாரிடமும் கொடுக்காமல் குருக்களே எடுத்துக்கொண்டார், குளிக்கப் போவதற்கு முன்னால். கொடியையும் ஒரு அடி உயர்த்திக் கட்டினார்.

என்னைப் போல இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குட்டி எதைக் கடிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், இந்த வீட்டில் எதைத் தொடவே கூடாது என்று கேளுங்கள். அதன் சாயல் துளிகூட இல்லாத பொருளைக் குட்டியின் வாயில் கொடுங்கள். பழைய செருப்பைக் கொடுத்துவிட்டுப் புதுச் செருப்பை விட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். தப்பு செய்தால் ஒத்துக்கொள்ளுங்கள். நாம் வாயை மூடிக்கொண்டால் பழி அதன் தலையில்தான் விழும்.

கடைசியாகப் போன அன்று சுண்டலுக்குப் புதுப் பல் எல்லாம் வந்துவிட்டிருந்தது. பால்கனியில் மடி வேஷ்டி சொட்டிக்கொண்டிருந்தது. சுண்டல் நேர் கீழே, சொட்டுகிற தண்ணீர் முதுகில் விழ விழத் தூங்கிக்கொண்டிருந்தது.